மலைப் பாதையும் செவிக் கல்வியும்

தானா ராத்தா என்னும் மலாய்ப் பெயருக்குச் 'சமநிலம்' என்பது பொருள். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில், குன்றுகளும் தேயிலைச் சரிவுகளும் சூழ அமைந்த அவ்வூருக்கு அப்பெயர் பொருத்தமே. ஆனால் ஊரைவிட்டு வெளியே செல்லும் சாலையில் சமநிலத்தைத் தேடினால் கிடைப்பது அரிது. பேராக் மாநிலத்துத் தாப்பா நகரம் வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவுக்கு அச்சாலை வளைந்து வளைந்து காட்டினூடே இறங்குகிறது. சமவெளியின் நெடுஞ்சாலையில் அரைமணிக்குச் சற்று மேல் பிடிக்கக்கூடிய தொலைவு அது. மலையிலோ ஒன்றரை மணி நேரம் ஆகிவிடுகிறது.

விடுமுறைக்கு ஒருமுறை இச்சாலையில் வருவோருக்கு ஒவ்வொரு வளைவும் ஒரு காட்சி. காய்கறி லாரி ஓட்டுவோரும், அலுவலின்பொருட்டு நாள்தோறும் ஏறி இறங்குவோரும் அப்படிக் காண்பதில்லை. காட்சி அவர்களுக்குப் பழகிப்போயிற்று. எஞ்சி நிற்பது நேரம் ஒன்றே.

தானா ராத்தாவில் குடியிருந்து தாப்பாவில் அலுவல் பார்க்கும் ஒருவரைக் கருதுவோம். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. ஆக நாளொன்றுக்கு 3 மணி. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 15 மணி. ஆண்டில் 45 வாரம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 675 மணி நேரம் ஆகிறது. எட்டு மணி நேரத்தை ஒரு வேலை நாளாகக் கொண்டால், ஆண்டுதோறும் 84 வேலை நாள்களுக்குரிய காலம் ஓட்டுநர் இருக்கையிலேயே கழிகிறது. மனிதனுக்கு அளந்து கொடுக்கப்பட்ட வாழ்நாளில் இஃது அற்பமன்று. இதனைப் பயன்படுத்திக்கொள்ள இயலுமா? இயலுமெனில் எந்த அளவுக்கு? ஒருபுறம் காலம் வீணாகிறதே என்னும் கவலை. மறுபுறம் ஒரு கணம் கவனம் தவறினால் உயிருக்கே கேடு என்னும் அச்சம். இரண்டும் நியாயமானவை. ஆதலின் இவ்வினாவைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது தகும்.

சாலையும் வானொலியும்

வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் 1885ஆம் ஆண்டு இம்மலைப் பகுதியை ஆராய்ந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1925இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் இங்கு வந்து சென்றபின் இதனை ஒரு மலைவாசத் தலமாக்கும் முயற்சி தொடங்கிற்று. 1929இல் ஜே. ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை 1931இல் முடிவுற்றது. தேயிலைக் கொழுந்து பறிக்கவும், காடு திருத்தவும் தமிழர் பலர் இம்மலையேறி வந்தனர்.

இச்சாலை உருவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில், அமெரிக்காவில் மோட்டார் வண்டிக்குள் வானொலி புகுந்தது. கால்வின் உடன்பிறந்தாரின் நிறுவனம் 1930இல் 'மோட்டரோலா' என்னும் பெயரில் வண்டி வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்திலேயே, ஓட்டுநரின் கவனத்தை இது கெடுக்கும், இதனைத் தடைசெய்ய வேண்டும் என்று அந்நாட்டின் சில மாநிலங்களில் குரல் எழுந்தது. இன்று கைத்தொலைபேசியைப் பற்றி நடக்கும் வாதம் புதியதன்று என்பதற்கு இதுவே சான்று.

மலேசியாவிலும் ஓட்டுநரையே முதல் நேயராகக் கருதி ஒரு வானொலி பிறந்தது. 1994இல் தொடங்கிய 'டைம் ஹைவே ரேடியோ' நெடுஞ்சாலையில் செல்வோருக்குப் போக்குவரத்துச் செய்தி தருவதற்கென எழுந்த நிலையம். தமிழ் நேயர்களுக்கு நன்கு அறிமுகமான 'ராகா' அதன் வழிவந்ததே. ஆயினும் மலையில் வானொலியை முற்றும் நம்ப இயலாது. பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. ஒலிபரப்புக் கோபுரத்துக்கும் வண்டிக்கும் இடையே ஒரு குன்று வந்துவிட்டால் ஒலி மங்கும். அடுத்த வளைவில் மீண்டும் தெளியும். ஆகவே மலைப்பாதையில் கேட்க விரும்புவோர் வேண்டியதை வீட்டிலேயே பதிவு செய்து எடுத்துச் செல்வதே முறை.

கை உழைக்கச் செவி கற்றல்

கை ஒரு வேலையில் இருக்கும்போது செவி மற்றொன்றைக் கற்கலாம் என்பது மோட்டார் வண்டிக்கு முந்திய உண்மை. கியூபா நாட்டின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் ஒரு வழக்கம் வேரூன்றியது. தொழிலாளர் வரிசையாக அமர்ந்து சுருட்டுச் சுற்ற, ஒருவர் உயர்ந்த மேடையில் இருந்து செய்தித்தாளும் நாவலும் படிப்பார். அவருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளரே சேர்ந்து கொடுத்தனர். கேரளத்தின் கண்ணூர்ப் பகுதியில் பீடித் தொழிலாளரிடையேயும் இவ்வழக்கம் இருந்தது. ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். அவர் படிக்கும் நேரத்தில் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் சேர்ந்து ஈடுசெய்வர். எழுத்தறிவு குறைந்த தொழிலாளரும் உலக நடப்பை அறிந்து விவாதிக்க இவ்வழக்கம் துணை நின்றது.

தமிழர்க்கும் இது புதிய நெறியன்று. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியை முறைவைத்துச் சொல்லிச் சொல்லியே மனத்தில் பதித்தனர். ஊர்க் கோயிலில் ஒருவர் பாரதம் படிக்க, ஏட்டைத் தொட்டறியாத உழவரும் அக்கதையை முழுதும் அறிந்திருந்தனர். திருக்குறளில் கல்வி என்னும் அதிகாரத்தை அடுத்துக் கல்லாமையும், அதனை அடுத்துக் கேள்வியும் வைக்கப்பட்டுள்ளன. கற்க வாய்ப்பில்லாதவனுக்கும் செவி வழியே அறிவு சேரும் என்பதனை அவ்வைப்புமுறையே உணர்த்துகிறது.

பயணியும் ஓட்டுநரும்

பயண நேரத்தைப் பயன்படுத்தியவர் என்றதும் ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரலோப்பை எடுத்துக்காட்டுவது வழக்கம். அஞ்சல் துறை அலுவலரான அவர் ஓயாது ரயிலில் சென்றுகொண்டிருந்தார். மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு பென்சிலால் எழுதியே நாவலின் பெரும்பகுதியை முடித்தார். ஆனால் அவர் பயணி. ரயிலை ஓட்டியவர் வேறொருவர். ஓட்டுநரின் கையும் கண்ணும் அவருக்குச் சொந்தமல்ல. அவை சாலைக்கு உரியவை. எழுதுதல், படித்தல், திரையைப் பார்த்தல் ஆகிய யாவும் அவருக்கு விலக்கப்பட்டவை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடக்கிறது. இரண்டு விநாடி கண்ணைத் தாழ்த்தினால் 22 மீட்டர் தொலைவைக் குருடராய்க் கடந்தவராவார். மலைச் சாலையில் அத்தொலைவுக்குள்ளேயே ஒரு வளைவு வந்துவிடும்.

ஓட்டுநருக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு டுவால் ஹெக்ட் என்னும் அமெரிக்கர். 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக் போட்டியில் இருவர் துடுப்புப் படகில் தங்கப் பதக்கம் வென்றவர் அவர். பிற்காலத்தில் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு நாள்தோறும் வண்டியோட்டிச் சென்று வேலை பார்த்தார். வானொலியில் வந்த பாட்டும் செய்தியும் சலித்துப்போயின. முழு நூலை யாரேனும் படித்துக் காட்டினால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று எண்ணினார். பார்வையற்றோருக்கெனப் 'பேசும் நூல்கள்' 1930களின் நடுப்பகுதியிலிருந்தே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வழங்கப்பட்டு வந்தன. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய சிறிய ஒலிநாடாப் பேழை வண்டியில் வைத்துக் கேட்பதையும் எளிதாக்கியது. ஹெக்ட் 1975இல் 'புக்ஸ் ஆன் டேப்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, நூல்களை முழுமையாகப் படித்துப் பதிவுசெய்து அஞ்சல் வழி வாடகைக்கு அனுப்பினார். ஒரு மனிதரின் சாலைச் சலிப்பு ஒரு பெருந்தொழிலுக்கு வித்தாயிற்று.

கவனம் ஒன்றே

இங்கே ஒரு தடை எழும். கண்ணும் கையும் சாலையில் இருந்தாலும், மனம் கதையில் இருந்தால் என் செய்வது? இவ்வினாவை அறிவியலார் சோதனை செய்து பார்த்துள்ளனர்.

யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயரும் வில்லியம் ஜான்ஸ்டனும் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆய்வுக்கூடத்தில், வண்டி ஓட்டுவது போன்ற ஒரு பணியைச் சிலரிடம் கொடுத்தனர். தொலைபேசியில் உரையாடிக்கொண்டே அதனைச் செய்தவர்கள், உரையாடாத வேளையைவிட இருமடங்கு நிறுத்தக் குறிகளைத் தவறவிட்டனர்; கண்டுகொண்டபோதும் தாமதமாகவே செயற்பட்டனர். கருவியைக் கையில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் விளைவு ஒன்றாகவே இருந்தது. ஆனால் வானொலியையோ ஒலிநூலையோ கேட்டவர்களிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை.

இதன் காரணம் ஆராயத்தக்கது. கேட்பவர் தம் கவனத்தைத் தாமே ஆள்கிறார். சாலையில் இடர் தோன்றினால் கதையை விட்டுவிடுகிறார். இரண்டு வாக்கியம் தவறிப்போவதால் நட்டமில்லை. உரையாடுபவரோ விடை சொல்லியாக வேண்டும். மறுமுனையில் இருப்பவருக்கு இங்குள்ள வளைவு தெரியாது. அவர் வினவிக்கொண்டே இருப்பார். விடையைச் சிந்திக்கும் மூளை, கண் காண்பதையும் பதிவு செய்ய மறந்துவிடுகிறது. கண் திறந்திருந்தும் காணாத நிலை அது.

எனினும் கேட்டல் முற்றும் தீங்கற்றது என்று முடிவுகட்டிவிடலாகாது. ஸ்ட்ரேயர் குழுவினர் 2013இல் மனச் சுமையை ஒன்று முதல் ஐந்து வரை அளக்கும் ஓர் அளவுகோலை அமைத்தனர். வேறெதுவுமின்றி ஓட்டுதல் 1 எனக் கொண்டால், வானொலி கேட்டல் 1.21, ஒலிநூல் கேட்டல் 1.75, கையில் பிடியாத தொலைபேசி உரையாடல் 2.27; பேச்சினாலேயே கருவிக்குக் கட்டளையிட்டுச் செய்தி அனுப்புதல் 3.06. ஒலிநூலுக்கும் ஒரு விலை உண்டு என்பதே இதன் பொருள். அவ்விலையை நேரான சாலை தாங்கும். மூடுபனி கவிந்த வளைவு தாங்காது.

செவிக்கும் வேலையுண்டு

மலைப்பாதையைப் பொறுத்தவரை மற்றொன்றையும் மறத்தலாகாது. செவி முற்றும் ஓய்ந்திருக்கும் உறுப்பு என்று நினைப்பது பிழை. எதிர்வரும் வண்டி கண்ணுக்குத் தெரியாத வளைவில் அதன் ஒலிப்பானே முதலில் தெரியவருகிறது. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்கும் வண்டியின் எந்திர ஒலியே வேகம் மிகுந்ததை அறிவிக்கிறது. பின்னால் வரும் ஆம்புலன்சும் செவி வழியேதான் தன் வரவைச் சொல்கிறது. ஆதலின் காதை அடைக்கும் செவிப்பொறிகளை அணிந்து ஓட்டுவது கண்ணை மறைத்துக்கொண்டு ஓட்டுவதற்கு ஓரளவு ஒப்பாகும். ஒலி மெலிதாகவே இருத்தல் வேண்டும்.

உயரத்தின் விளைவும் ஒன்றுண்டு. தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்குகையில் காற்றழுத்தம் கூடிக்கொண்டே வருகிறது. நடுச்செவிக்கும் தொண்டைக்கும் இடையேயுள்ள குழல் உடனே திறவாவிடில் காது அடைத்துக்கொள்கிறது. பேச்சு மங்கிக் கேட்கவே, பலர் ஒலியைக் கூட்டுவர். அது வேண்டியதில்லை. எச்சிலை விழுங்கினாலும் கொட்டாவி விட்டாலும் குழல் திறந்து காது தெளியும்.

இச்சாலைகளில் கவனம் எத்துணை இன்றியமையாதது என்பதை நாடு பெரும் விலை கொடுத்தே அறிந்தது. 2010 டிசம்பரில், கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்ச் சாலை வழியே இறங்கிய சுற்றுலாப் பஸ் ஒன்று விபத்துக்குள்ளாகி, தாய்லாந்திலிருந்து வந்த பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலை இறக்கம் எவருக்கும் தயவு காட்டுவதில்லை.

சாலையைப் பகுத்தல்

ஆகவே முதலில் செய்யத்தக்கது, சாலையைப் பகுத்துக்கொள்வது. தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட் வரையுள்ள சுமார் 13 கிலோமீட்டரில் வளைவுகள் இருப்பினும், விடுமுறை நாள்களில் வண்டிகள் ஊர்ந்தே செல்லும். அவ்வாறு நெரிசலில் நிற்கும் நேரம் கேட்பதற்கு ஏற்றது. ரிங்லெட்டுக்குக் கீழே லாத்தா இஸ்கண்டார் அருவியைக் கடந்து செல்லும் நீண்ட இறக்கமே கடினமான பகுதி. மழையோ, பனியோ, இருளோ இருப்பின் அங்கே ஒலியை நிறுத்திவிடுதல் நன்று. மழைக்காலத்தில் மண்சரிவும் மரம் சாய்தலும் இங்கு நேர்வன. தாப்பாவை அணுகும் தாழ்நிலமும், அங்கிருந்து ஈப்போவுக்குச் செல்வோர் ஏறும் வடக்குத் தெற்கு நெடுஞ்சாலையும் மீண்டும் செவிக்கு இடங்கொடுப்பவை.

இவ்வாறு கழித்தால் மேலே கண்ட 675 மணியில் பாதி போய்விடலாம். எஞ்சிய 300 மணிக்கு மேற்பட்ட நேரமே சிறு செல்வமன்று. நாளுக்கு ஓர் அதிகாரமாகத் திருக்குறளை உரையுடன் கேட்பவர், 133 வேலை நாள்களில், அஃதாவது ஏறத்தாழ 27 வாரத்தில் நூல் முழுவதையும் கேட்டு முடிப்பார். மலாயோ ஆங்கிலமோ செம்மையாகப் பேச விரும்புவோர்க்கு மொழிப்பாடம் உண்டு. நாவல், வரலாறு, அறிஞர் சொற்பொழிவு என விருப்பத்துக்கேற்பத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் கணக்கு, படம், பட்டியல் முதலியவற்றைக் கண்ணால் கண்டே அறிய வேண்டிய பாடங்கள் வண்டிக்கு ஒவ்வா. கேட்பவர் மனத்தில் படம் வரையத் தொடங்கினால் எதிரேயுள்ள படம் மறைந்துவிடும்.

தேர்வையெல்லாம் புறப்படுமுன்னரே முடித்துக்கொள்ள வேண்டும். ஓடும் வண்டியில் கைத்தொலைபேசியைக் கையில் எடுத்துத் தேடுவது மலேசியச் சட்டப்படி குற்றம்; சட்டம் இல்லாவிடினும் அறிவீனம்.

காலையில் கேட்டலும் மாலையில் நினைத்தலும்

கேட்டது நிலைக்க வேண்டும் என்பது அடுத்த கவலை. நாள்தோறும் புதியதையே கேட்டுக்கொண்டு போனால், ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டதாகவே முடியும். கேமரன் இம்மலையை ஆராய்ந்த அதே 1885ஆம் ஆண்டு, ஹெர்மன் எபிங்கவுஸ் என்னும் ஜெர்மானியர் நினைவாற்றலைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். கற்றது முதலில் விரைந்து மறக்கும் என்பதையும், ஒரே அமர்வில் பலமுறை ஓதுவதைவிட இடைவிட்டு ஓதுவதே நிலைக்கும் என்பதையும் அவர் தம்மையே சோதித்து நிறுவினார். ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, பாடத்தைத் திரும்பப் படிப்போரைவிட அதனை நினைவுகூர்ந்து சொல்லிப் பார்ப்போருக்கே நாள்கள் சென்றபின் மிகுதியாக நினைவிருப்பதைக் காட்டியது.

நாள்தோறும் போய் வருவோர்க்கு இயற்கையாகவே இவ்விரண்டு வாய்ப்பும் அமைந்துள்ளன. காலைப் பயணத்துக்கும் மாலைப் பயணத்துக்கும் இடையே எட்டு மணிக்கு மேல் இடைவெளி உண்டு. காலையில் கேட்டதை மாலையில் ஒலி ஏதுமின்றித் தமக்குத்தாமே சொல்லிப் பார்த்தால் போதும். தவறிய இடம் தெரிந்தால் மறுநாட்காலை அதனையே மீண்டும் கேட்கலாம். மாலையில் ஓட்டுநர் களைத்திருப்பார். இருளும் மூடுபனியும் சேரும். அவ்வேளையில் புதிய சுமையை ஏற்றாது இருப்பது பாதுகாப்புக்கும் உகந்தது.

உறக்கத்துக்கு மட்டும் ஒலி மருந்தாகாது. கண் சொருகுகையில் பாட்டை உரக்க வைப்போர் பலர். அது சிறிது நேரமே ஏமாற்றும். ரிங்லெட்டிலோ வேறு தக்க இடத்திலோ வண்டியை ஒதுக்கிச் சிறிது உறங்கி எழுவதே மருந்து.

உடன் வருவோர்

தனியே செல்லாது இருவர் மூவர் சேர்ந்து ஒரே வண்டியில் செல்வராயின் மற்றொரு நன்மையும் உண்டு. உடன் அமர்ந்திருப்பவருடன் பேசுவது தொலைபேசியில் பேசுவதைப் போன்றதன்று. அவரும் சாலையைப் பார்க்கிறார். வளைவு வந்ததும் பேச்சை நிறுத்துகிறார். எதிரே லாரி வருகிறது என்று சொல்லவும் செய்கிறார். 2008இல் வெளிவந்த ஆய்வொன்றும் இவ்வேறுபாட்டை உறுதிசெய்தது. கண்ணூர்ப் பீடித் தொழிலாளரைப் போல, ஒருவர் படிக்க மற்றவர் கேட்கும் முறை இங்கும் கூடும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளை பின்னிருக்கையில் இருந்து தன் பாடத்தைத் தந்தைக்குச் சொல்லிக் காட்டினால், பிள்ளைக்குப் பாடம் பதியும். பகலெல்லாம் பிரிந்திருக்கும் இருவருக்கும் அது பேச்சுத்துணையாகவும் அமையும். பாடம் சொல்லும் பிள்ளையும் வளைவில் வாய்மூடப் பழகவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

எல்லா நேரத்தையும் எதனாலேனும் நிரப்பியே தீரவேண்டும் என்பதும் இல்லை. அலுவலகத்தின் கவலையை வீட்டுக்குள் கொண்டுசெல்லாமல் வழியிலேயே ஆற்றிக்கொள்வதும் நேரத்தின் நற்பயனே. ஒலியை அணைத்துவிட்டு, சன்னலைச் சற்றுத் திறந்து, ஈரக் காட்டின் குளிர்ந்த காற்றை ஏற்றுக்கொண்டு மெல்ல ஏறிவருபவர் காலத்தை வீணாக்கியவர் ஆகார்.

சாலையை முதலிலும் நூலைப் பின்னும் வைப்பவருக்கு இப்பயணம் ஒரு பள்ளியாகும். அம்முறையை மாற்றி வைப்பவருக்குப் பள்ளியும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. தேயிலைச் சரிவில் விளக்குகள் ஏற்றப்படும் நேரத்தில் அவர் நலமாக வீடு வந்து சேர வேண்டும். காலையில் கேட்ட ஒரு நல்ல சொல்லும் அவருடன் வந்து சேருமாயின், அந்த 60 கிலோமீட்டரும் பயனுற்றதாகும்.